கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்: மறுவடிவமைப்பில் தப்பியது எது, இடம் மாறியது எது?

சிங்கப்பூரின் பீச் ரோட்டுக்கும் நிக்கல் நெடுஞ்சாலைக்கும் நடுவில் நிற்கிறது கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். 2006-ல் ஒரு நியமன நாடாளுமன்ற உறுப்பினர் அவையிலேயே இதை 'நிமிர்ந்து நிற்கும் குடிசைப் பகுதி' என்ற பொருளில் சாடினார். நாட்டுக்கே அவமானம் என்றும் சொன்னார். 2021 அக்டோபர் 22-ல் அதே கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசு முறைப்படி அறிவித்தது. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் கட்டடம் அழகாகிவிடவில்லை; இன்னும் கொஞ்சம் பழசாகித்தான் இருந்தது. அப்படியானால் என்ன மாறியது? அதைத் தொடர்ந்து வந்த மறுவடிவமைப்பில் எது காப்பாற்றப்பட்டது? இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் இந்த ஆய்வு. நகர மையத்தில் உள்ள நவீனத்துவ வணிக வளாகங்கள் பலவற்றுக்கும் இதே நெருக்கடி வருகிறது. ஆனால் இந்த அளவுக்குத் தெளிவாக ஒரு முடிவு எட்டப்பட்ட இடங்கள் குறைவு.

கட்டடம் பிறந்த விதம்

1965-ல் சிங்கப்பூர் தனி நாடானபோது நகர மையத்து நிலம் சிறு சிறு துண்டுகளாகப் பலர் கையில் கிடந்தது. 1966-ல் நிலக் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. 1967 முதல், அப்படி எடுத்துச் சேர்த்த நிலங்களை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியார் நிறுவனங்களுக்கு ஏலத்தில் விடும் திட்டம் தொடங்கியது. அப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குள் இருந்த நகரப் புதுப்பிப்புப் பிரிவுதான் அதை நடத்தியது. இன்றைய நகர மறுசீரமைப்பு ஆணையம் தனி அமைப்பாக உருவானது 1974-ல். பீச் ரோட்டுக் கரையோரப் பட்டைக்கு 'கோல்டன் மைல்' என்று பெயர் வைத்து அங்கேயும் மனைகளை விற்றார்கள். அதில் ஒன்றில் இந்தக் கட்டடத்தை எழுப்பியது வோ ஹப் என்ற கட்டுமான நிறுவனம். 1973-ல் கட்டி முடித்தபோது இதன் பெயரும் வோ ஹப் காம்ப்ளெக்ஸ்தான்.

வடிவமைத்தது டிசைன் பார்ட்னர்ஷிப் என்ற இளம் நிறுவனம். இன்று டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் என்று அறியப்படுவது இதுதான். கான் எங் ஊன், வில்லியம் லிம், டே கெங் சூன் ஆகிய மூவரும் இதில் முக்கியமானவர்கள். லிம்மும் டேயும் ஸ்பர் என்ற நகர்த் திட்டமிடல் சிந்தனைக் குழுவிலும் இருந்தார்கள். வேலை, கடை, வீடு மூன்றையும் தனித்தனி வட்டாரங்களாகப் பிரித்துப்போடும் திட்டமிடலை அந்தக் குழு எதிர்த்தது. ஆசிய நகரம் நெரிசலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, நெரிசலைச் சரியாக அடுக்கினால் போதும் என்பது அவர்கள் வாதம். நீளவாக்கில் செல்லும் பிரம்மாண்டக் கட்டடத்துக்குள் ஒரு நகரமே இயங்குவதை 1960-களின் நடுவிலேயே வரைந்து காட்டினார்கள். ஜப்பானில் கென்சோ டாங்கே, ஃபுமிஹிகோ மாக்கி போன்ற கட்டடக்கலையாளர்கள் இதே திசையில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பெரும்பகுதி காகிதத்தில் நின்றது. சிங்கப்பூரில் ஒரு தனியார் நிறுவனம் லாப நோக்கத்தோடு அதைக் கட்டியே விட்டது. இந்தத் துணிச்சலுக்கு வரலாற்றில் உரிய இடம் கொடுத்தாக வேண்டும்.

குறுக்குவெட்டில்தான் எல்லாம் இருக்கிறது

முகப்பை மட்டும் பார்த்தால் இந்தக் கட்டடம் பிடிபடாது. நட்டநடுவே வெட்டிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கீழே அகலமான கடைத்தொகுதி. அதற்கு மேல் அலுவலகங்கள். உச்சியில் வீடுகள். மொத்தம் 16 மாடி. நிக்கல் நெடுஞ்சாலைப் பக்கம் ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடச் சற்றுப் பின்வாங்குகிறது. அதனால் அந்தப் பக்கம் முழுவதும் ஒரு மாபெரும் படிக்கட்டு போலச் சரிகிறது.

இந்தச் சரிவை வெறும் தோற்றத்துக்காகச் செய்யவில்லை. ஒரே கோணத்தில் பல வேலைகள் நடக்கின்றன. எல்லா வீட்டுக்கும் திறந்த மாடம், தலைக்கு மேல் வானம், எதிரே நீர்ப்பரப்பு. சாதாரண அடுக்குமாடியில் மேல்மாடிக்காரருக்கு மட்டும் கிடைக்கும் திறந்தவெளி இங்கே சரிவில் உள்ள எல்லோருக்கும் பங்கு பிரிக்கப்படுகிறது. நெடுஞ்சாலை இரைச்சல் நேராக வந்து மோதும் செங்குத்துச் சுவரும் கிடையாது. உள்ளேயோ, கடைத்தொகுதிக்கு மேல் உயரமான நடுக்கூடம் திறந்துகொள்கிறது. வெளிச்சமும் காற்றும் பொதுவழிகளுக்குள் வந்து போக அதுதான் வழி. பழைய வீடுகளின் முற்றம் செய்த வேலையை ஒரு தெருவளவு நீளத்துக்கு இழுத்துச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாடிப்படிகளைக் கட்டடத்துக்குள் மறைக்காமல், வளைந்த மூலைகள் கொண்ட தனிக் கோபுரங்களாக வெளியே நிறுத்தினார்கள். தூண்களும் உத்தரங்களும் பூச்சுக்குள் ஒளியவில்லை. எது சுமக்கிறது, எது சுமக்கப்படுகிறது என்பது தெருவில் நடப்பவருக்கே தெரிந்துவிடும். கான்கிரீட்டை முரட்டுத்தனமாகக் காட்டுவதாக இந்தப் பாணிமீது குற்றச்சாட்டு உண்டு. இந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை அது நியாயமில்லை என்பேன். இவ்வளவு பெரிய பொருளைக் கண்ணால் படித்துப் புரிந்துகொள்ளும்படி செய்வது பார்ப்பவருக்குக் காட்டும் மரியாதை.

முழுக் கனவு நிறைவேறவில்லை என்பதும் உண்மைதான். பட்டை நெடுக இதே போன்ற கட்டடங்கள் வரும், உள்ளே நடைவழி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடரும் என்பதுதான் எண்ணம். பக்கத்து மனைகளில் வேறு நிறுவனங்கள் வேறு மாதிரி கட்டின. தொடர வேண்டிய உள்தெரு இந்த ஒரு கட்டடத்தோடு நின்றுவிட்டது. கடலும் விலகியது. நிலமீட்புக்குப் பிறகு எதிரே இருப்பது அணைகட்டி நன்னீராக்கிய நீர்த்தேக்கம். காட்சி என்னவோ இன்றும் விரிந்ததுதான்.

சீரழிவு என்று சொல்லப்பட்ட காலம்

இங்கே கடைகள், அலுவலகங்கள், வீடுகள் எல்லாம் தனித்தனி அலகுகளாக விற்கப்பட்டவை. சிங்கப்பூரில் இதை ஸ்ட்ராட்டா உரிமை என்பார்கள். நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள், ஒரே கூரை, ஒரே நிர்வாகக் குழு. மின்தூக்கியை மாற்ற வேண்டுமா, குழாயைப் புதுப்பிக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அத்தனை பேர் பையிலிருந்தும் பணம் வர வேண்டும். முதல் மாடியில் கடை வைத்திருப்பவருக்குப் பதினான்காம் மாடி மாடத்தின் ஒழுக்கு ஒரு கவலையா?

மாடங்களின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். படிவடிவக் கட்டடத்தில் ஒருவர் நிற்கும் மாடம் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஒரு பகுதி. ஆண்டு முழுக்க மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஊரில் அந்தத் தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு நெடுநாள் தாங்காது. கீழே ஒழுகினால் மேலே ஒரு தகரக் கூரை போடுவதுதான் மலிவான தீர்வு. தகரம் வந்த பிறகு பக்கவாட்டில் சாரல் அடிக்கிறது என்று கண்ணாடி வரும். கண்ணாடி வந்தால் அது ஓர் அறை. அறை என்றால் குளிர்சாதனம் வேண்டும், அதன் வெளிப்பெட்டி சுவரில் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் நீல நிறக் கண்ணாடி போடுவார், அடுத்தவர் பச்சை. ஒவ்வொருவர் செய்ததற்கும் காரணம் இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது மொத்தத்தில் ஒரு கந்தல் போர்வை. நாடாளுமன்றத்தில் எழுந்த கோபமும் இந்த ஒட்டுவேலைகளைப் பற்றியதுதான்.

கீழ்த்தளங்களின் கதை வேறு. மலேசியாவுக்கும் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கும் போகும் தொலைதூரப் பேருந்துகளின் சீட்டுக் கடைகள் இங்கே வரிசையாக அமைந்தன. பேருந்து வந்த இடத்துக்குப் பயணிகள் வந்தார்கள், அவர்களைத் தேடிச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. காலப்போக்கில் சிங்கப்பூரின் 'குட்டித் தாய்லாந்து' என்றே இடத்துக்குப் பெயராகிவிட்டது. தாய்லாந்து மளிகைப் பேரங்காடி, ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள், மேசையிலேயே சுட்டு வேகவைத்துச் சாப்பிடும் மூக்காட்டா உணவகங்கள் என்று எல்லாம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்லாந்துத் தொழிலாளர்களுக்கு நகரத்தில் கூடுமிடம் இதுதான்.

கட்டடக்கலையாளர்கள் 1960-களில் கேட்டது இதைத்தானே? ஒரே கூரைக்குக் கீழ் இரவும் பகலும் இயங்கும் நெரிசல், யாரும் திட்டமிடாத கலப்பு. விலை உயர்ந்த கடைகளை அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் ஒரு புலம்பெயர் சமூகம் வந்து தன் ஊரை அதற்குள் அமைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த நடுக்கூடம் இடம் கொடுத்தது. இந்தக் கட்டடத்தின் கட்டடக்கலைத் தகுதியைப் பட்டியலிடும்போது சரிவையும் படிக் கோபுரத்தையும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய விடுபடலாகவே படுகிறது.

இடிப்பதா, வைப்பதா: கணக்கு

சிங்கப்பூரில் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடத்தில், உரிமைப் பங்கிலும் பரப்பிலும் 80 விழுக்காட்டினர் சம்மதித்தால் முழுக் கட்டடத்தையும் ஒட்டுமொத்தமாக விற்கலாம். 2018-ல் கோல்டன் மைலில் அந்த எண்ணிக்கை கிடைத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பேர்ள் பேங்க் அடுக்குமாடி 728 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்கப்பட்டு இடிப்புக்குக் காத்திருந்தது. டான் செங் சியோங் வடிவமைத்த அந்தக் குதிரைலாட வடிவக் கோபுரமும் இதே தலைமுறையைச் சேர்ந்த, இதே அளவு முக்கியமான கட்டடம். அது போனதைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது கோல்டன் மைல்தான் என்பது சொல்லாமலே தெரிந்தது. கட்டடக்கலையாளர்களும் மரபுடைமை ஆர்வலர்களும் குரல் எழுப்பினார்கள். நகர மறுசீரமைப்பு ஆணையமும் 2018 அக்டோபரில், இதைப் பாதுகாப்பது பற்றி ஆலோசித்து வருவதாகச் சொன்னது.

விற்பனைக்குக் கேட்ட விலை 800 மில்லியன் வெள்ளி. 2019 ஜனவரியில் ஏலம் முடிந்தபோது ஒருவரும் வாங்க வரவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. 2018 ஜூலையில் சொத்து விலையேற்றத்தைத் தணிக்கும் அரசு நடவடிக்கைகள் வந்திருந்தன. குத்தகை 1969-ல் தொடங்கியது என்பதால் ஐம்பது ஆண்டுகளுக்குக் கீழ்தான் மிச்சம். இடிக்க முடியுமா முடியாதா என்றே தெரியாத மனைக்கு யார் அவ்வளவு பணம் போடுவார்?

இந்த இடத்தில்தான் ஆணையம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. பாதுகாப்பு என்று வெறும் தடை மட்டும் விதித்திருந்தால் உரிமையாளர்கள் மாட்டிக்கொண்டிருப்பார்கள், பராமரிக்கப் பணமில்லாமல் கட்டடமும் மெல்லச் செத்திருக்கும். 2020 அக்டோபரில் பாதுகாப்புப் பரிந்துரையை வெளியிட்ட ஆணையம், பின்னர் அதோடு சலுகைகளையும் சேர்த்து வைத்தது. அனுமதிக்கப்பட்ட தளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், அரசுக்குச் செலுத்தும் மேம்பாட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடி, மனையின் எல்லையைச் சற்றுத் திருத்திக்கொள்ள வாய்ப்பு, குத்தகையை மீண்டும் 99 ஆண்டாக நீட்டிக்க வழி. கூடுதல் பரப்பைப் பழைய கட்டடத்தின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை, பக்கத்தில் புதுக் கோபுரமாகக் கட்டலாம். சுருக்கமாகச் சொன்னால், பழையதைக் காப்பாற்றும் செலவைப் புதியது கொடுத்துவிடும். பல உரிமையாளர்கள் கொண்ட, இவ்வளவு பெரிய நவீனக் கட்டடம் ஒன்றைச் சிங்கப்பூர் பாதுகாத்தது இதுவே முதல்முறை.

மறுபடியும் 800 மில்லியன் கேட்டார்கள். 2022 மே மாதம் பெரெனியல் ஹோல்டிங்ஸ், சைனோ லேண்ட், ஃபார் ஈஸ்ட் ஆர்கனைசேஷன் ஆகிய நிலச்சொத்து நிறுவனங்கள் சேர்ந்து 700 மில்லியன் வெள்ளிக்கு வாங்கின. உரிமையாளர்கள் 100 மில்லியனை விட்டுக்கொடுத்தார்கள். பாதுகாப்பின் விலையில் ஒரு பங்கை அவர்களும் செலுத்தியிருக்கிறார்கள். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

மறுவடிவமைப்பு

வேலை மீண்டும் டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் கைக்கே போனது. மரபுடைமைப் பாதுகாப்புக்கு ஸ்டூடியோ லேப்பிஸ் ஆலோசனை சொல்கிறது. படிவடிவம், வளைமூலைப் படிக் கோபுரங்கள், வெளித்தெரியும் தூண்களும் உத்தரங்களும், நடுக்கூடம் ஆகியவற்றைக் காப்பது அடிப்படை நிபந்தனை. பின்னாளில் ஒட்டிய தகரமும் கண்ணாடியும் போய்விட்டால் அந்தச் சரிவு பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகத் தெளிவாகத் தெரியும். பழைய கட்டடத்துக்குள் கடைகள், அலுவலகங்கள், மருத்துவ அறைகள் வருகின்றன, ஒரு கட்டடக்கலை மையமும் வருகிறது. வீடுகள்? பக்கத்தில் எழும் ஆரியா என்ற 45 மாடிக் கோபுரத்தில் 188 வீடுகள். 2025 மார்ச்சில் விற்பனை தொடங்கியது.

என் முதன்மையான குறை இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. சரிவு பிறந்ததே வீட்டுக்காக. அலுவலகத்தில் வேலை செய்பவருக்குத் திறந்த மாடம் இருந்தால் நல்லதுதான், ஆனால் அவர் மாலை வீடு திரும்பிவிடுவார். இரவில் விளக்கெரிவது, காலையில் துணி காய்வது, செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்றுவது எல்லாம் பக்கத்துக் கோபுரத்துக்குப் போய்விடுகின்றன. கீழே கடை, நடுவே வேலை, மேலே வீடு என்ற அடுக்கைப் பக்கத்துப் பக்கத்தில் பரப்பி வைத்துவிட்டார்கள். மனை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கலப்பு இருக்கிறது. கட்டடத்துக்குள் அது குறைகிறது. வடிவத்தை முழுமையாகக் காப்பாற்றிவிட்டு அந்த வடிவத்துக்கான காரணத்தை வெளியே அனுப்புவது விசித்திரமான பாதுகாப்பு.

ஏன் இப்படி என்பதும் புரிகிறது. நீளமான ஒரு பழைய கான்கிரீட் கட்டமைப்புக்குள், நடுக்கூடத்தைப் பார்த்த வழிகளோடு, இன்றைய விலைக்கு விற்கக்கூடிய வீடுகளை அமைப்பது எளிதல்ல. நல்ல விலை கிடைப்பது புதுக் கோபுரத்தின் உயர்மாடி வீடுகளுக்குத்தான். அந்த வருமானம் இல்லாவிட்டால் பழைய கட்டடத்தைச் செப்பனிடப் பணமும் இல்லை. சரி, அப்படியே ஆகட்டும். ஆனால் உச்சி மாடிகளில் சிலவற்றையாவது வீடுகளாக வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

லண்டனின் பிரன்ஸ்விக் சென்டரை இதனுடன் வைத்துப் பார்க்கலாம். பேட்ரிக் ஹாட்ஜ்கின்சன் வடிவமைத்து 1972-ல் முடிந்தது. கீழே கடைகள், இருபுறமும் படிபடியாகச் சரியும் வீடுகள். அதுவும் பல ஆண்டுகள் அழுக்கேறிய கான்கிரீட்டாகக் கிடந்தது, வசையும் வாங்கியது. 2000-ல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது, 2006-ல் லெவிட் பெர்ன்ஸ்டைன் நிறுவனம் புதுப்பித்து முடித்தது. தொடக்கத் திட்டத்தில் இருந்தும் பூசாமலே விட்ட இளமஞ்சள் வண்ணத்தை அப்போதுதான் பூசினார்கள். வீடுகளில் பெரும்பகுதி கேம்டன் நகராட்சியின் குத்தகையில் இருந்ததால் குடியிருந்தவர்கள் அங்கேயே தொடர முடிந்தது. கடைகள் மாறின, வாடகை ஏறியது, பெரிய நிறுவனக் கிளைகள் வந்தன. ஆனாலும் சரிவில் மனிதர்கள் வாழ்கிறார்கள். கோல்டன் மைலில் அப்படி ஒரு பொதுக் குத்தகைதாரர் இல்லை. எல்லாரும் தனி உரிமையாளர்கள், எல்லாரும் விற்றுவிட்டுப் போனார்கள். முடிவுகள் வேறுபட்டதற்குக் கட்டடக்கலையைவிட உரிமை அமைந்த விதமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர்கள் 2023 மே மாதத்துக்குள் காலி செய்தார்கள். சிலர் பக்கத்துக் கோல்டன் மைல் டவருக்கும் வேறு வளாகங்களுக்கும் போனார்கள். பல பத்தாண்டுகளில் தானாகச் சேர்ந்த கூட்டம் அது, திட்டம் போட்டுத் திரும்பக் கூட்டிவர முடியாது. பாதுகாப்புச் சட்டத்துக்குத் தூண் தெரியும், உத்தரம் தெரியும். வாடகைதாரர் தெரியமாட்டார். சலுகைகள் இவ்வளவு கொடுத்தபோது, நடுக்கூடத்தில் ஒரு சிறு பகுதியைப் பழைய கடைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கேட்டிருக்கலாம். தளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு.

இனி கவனிக்க வேண்டியவை

அலுவலகங்களும் மருத்துவ அறைகளும் மறுபடியும் தனித்தனி அலகுகளாகவே விற்பனைக்கு வந்திருக்கின்றன. கட்டடத்தைக் கந்தலாக்கிய அதே உரிமை முறை என்று பயப்படத் தோன்றும். ஒரு வித்தியாசம் இருக்கிறது. இப்போது முகப்பைத் தொட வேண்டுமானால் ஆணையத்தின் அனுமதி வேண்டும், தகரக் கூரையை யாரும் இஷ்டத்துக்குப் போட முடியாது. ஆனால் ஒழுக்குக்குச் சட்டம் தெரியாது. மாடங்களின் நீர்த்தடுப்பைக் குறித்த காலத்தில் புதுப்பிக்கும் செலவு முதல் நாளிலிருந்தே பொதுப் பராமரிப்பு நிதியில் தனிக் கணக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் முப்பது ஆண்டுகளில் அதே வாக்குவாதம் அதே மாடத்தில் தொடங்கும்.

நடுக்கூடம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது அடுத்தது. பீச் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்து, எதையும் வாங்காமல், நெடுஞ்சாலைப் பக்கம் வெளியேற யாருக்கும் முடிய வேண்டும். குளிர்சாதனத்துக்காகக் கண்ணாடியால் அடைத்து, கடை மூடும் நேரத்தில் பூட்டிவிட்டால் அது இன்னொரு பேரங்காடியாகிவிடும், காற்று வரவென்று வடிவமைத்த குறுக்குவெட்டுக்கும் வேலை இருக்காது.

சைனாடவுனில் இதே நிறுவனம் வடிவமைத்து அதே 1973-ல் முடிந்த பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் இருக்கிறது. 31 மாடி, கீழே பெரிய நடுக்கூடம், மேலே வீடுகள், நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள். அங்கும் ஒட்டுமொத்த விற்பனை முயற்சிகள் நடந்திருக்கின்றன. கோல்டன் மைலுக்குக் கொடுத்த அதே சலுகைக் கணக்கை அங்கே அப்படியே போட முடியாது. நகர மையத்தின் நெருக்கத்தில் பக்கத்தில் கோபுரம் எழுப்ப இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. அங்கே வீடுகள் மேலேயே தங்குமா என்பதை ஏலம் தொடங்கும் முன்பே நிபந்தனையில் எழுதிவிட வேண்டும்.